தொடக்கப் பள்ளியில் குழந்தைகள் நலம்: எங்கிருந்து தொடங்குவது?

குழந்தைகள் நலம் என்று பேச்செடுத்தாலே பல பள்ளிகளில் ஒரு நிகழ்ச்சிதான் நினைவுக்கு வரும். மருத்துவ முகாம், யோகா வகுப்பு, மனநலம் பற்றி யாராவது வந்து பேசுவது, சுவரில் வண்ணத்தாளில் நாலு வரி. இவை நல்லவைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டாம் வகுப்பில் படிக்கிற ஒரு சிறுமி பள்ளியில் நன்றாக இருக்கிறாளா என்பதை முடிவு செய்வது அந்த ஒரு நாள் நிகழ்ச்சி இல்லை. காலையில் உள்ளே வரும்போது அவளை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களா, கணக்குக்குத் தப்பாக விடை சொன்னபோது வகுப்பு என்ன செய்தது, இடைவேளையில் யாரோடு இருந்தாள், கழிவறைக்குப் போகப் பயமில்லாமல் இருந்ததா என்று நாள் முழுக்க நடக்கிற சின்னச் சின்ன விஷயங்கள்தான் அதை முடிவு செய்கின்றன. புதிதாக ஆசிரியர் வேலைக்கு வந்தவர்களையும், பிள்ளையை இப்போதுதான் பள்ளியில் சேர்த்திருக்கிற பெற்றோரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடுவோம். உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம் 1948இல் நடைமுறைக்கு வந்தது. நோய் இல்லாமல் இருப்பது மட்டும் ஆரோக்கியம் ஆகாது, உடல், மனம், சமூக உறவு மூன்றும் நன்றாக இருக்க வேண்டும் என்று அதன் முகவுரையே சொல்கிறது. பள்ளிக்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்கலாம். உடல் என்றால் தூக்கம், சாப்பாடு, குடிநீர், ஓடி விளையாட இடம். மனம் என்றால் தனக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லத் தெரிவது, தப்பாகப் போனாலும் மறுபடி முயன்று பார்க்கத் துணிவது. சமூக உறவு என்றால் ஒரு நண்பன், நம்பிப் பேச ஒரு பெரியவர், 'இது என் வகுப்பு' என்கிற எண்ணம். இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது. இரவு சரியாகத் தூங்காத பிள்ளை காலையில் சிடுசிடுப்பான். சிடுசிடுக்கிறவனோடு யாரும் விளையாட வரமாட்டார்கள். விளையாட யாருமில்லாதவனுக்கு மறுநாள் பள்ளிக்குக் கிளம்பவே மனசு வராது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இது பள்ளி விருப்பப்பட்டால் செய்கிற உதவி இல்லை. ஐக்கிய நாடுகள் சபை 1989இல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்கிறது. தன்னைப் பற்றிய விஷயங்களில் குழந்தை சொல்வதற்குக் காது கொடுக்க வேண்டும் என்பது 12ஆம் பிரிவு. பள்ளியில் ஒழுங்கை நிலைநாட்டுகிற முறை குழந்தையின் கண்ணியத்தைக் கெடுக்கக் கூடாது என்று 28ஆம் பிரிவு சொல்கிறது.

'அதெல்லாம் சரி, பாடம் முடிக்கவே நேரம் போதவில்லையே' என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். உணர்வுகளைக் கையாளவும் பிறரோடு பழகவும் கற்றுத்தருகிற 213 பள்ளித் திட்டங்களை ஒன்றாகத் திரட்டி ஆராய்ந்த ஒரு பெரிய ஆய்வு 2011இல் வெளியானது. மொத்தம் 2,70,000க்கும் மேற்பட்ட மாணவர்கள். அத்தகைய திட்டங்களில் இருந்தவர்களின் படிப்பு, மற்றவர்களோடு ஒப்பிடும்போது, சராசரியாக 11 சதமானப் புள்ளிகள் முன்னேறியிருந்தது. 100 பேர் வரிசையில் நடுவில் நிற்கிற பிள்ளை பதினொரு பேரைத் தாண்டி முன்னால் போவதற்குச் சமம். இதில் மாயம் ஒன்றும் இல்லை. 'என்னைக் கூப்பிட்டுவிடுவாரோ, எல்லாரும் சிரிப்பார்களோ' என்று தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தால், பலகையில் இருக்கிற கணக்கை எந்த இடத்தில் வைத்து யோசிப்பது? அந்தப் பயம் விலகினால் இடம் கிடைக்கிறது. நலத்துக்கு ஒதுக்குகிற நேரம் பாடத்திலிருந்து பிடுங்கிய நேரம் என்று நினைக்க வேண்டியதில்லை.

கழிவறையிலிருந்து தொடங்குங்கள்

கேட்க ஒரு மாதிரி இருக்கலாம். ஆனால் ஒரு பள்ளியில் குழந்தைகள் நலம் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் நான் முதலில் பார்க்கச் சொல்வது கழிவறையைத்தான்.

தாழ்ப்பாள் சரியாக விழாத ஒரு கதவை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு வயதுச் சிறுமிக்கு அது பெரிய பிரச்சினை. உள்ளே இருக்கும்போது யாராவது தள்ளித் திறந்துவிடுவார்களோ என்று பயம். ஒருமுறை அப்படி நடந்து பெரிய வகுப்புப் பிள்ளைகள் சிரித்திருந்தால் கேட்கவே வேண்டாம். அவள் இதை யாரிடமும் சொல்ல மாட்டாள், சொல்லக் கூச்சம். அவளே ஒரு வழி கண்டுபிடிப்பாள்: தண்ணீர் குடிக்கமாட்டாள். காலையில் கொண்டுவந்த புட்டி மாலையில் அப்படியே திரும்பிப் போகும். மதியத்துக்குமேல் தலை வலிக்கும், சோர்ந்து மேசைமேல் சாய்வாள். 'கவனம் இல்லை' என்று முன்னேற்ற அறிக்கையில் எழுதுவோம். நாள்கணக்கில் சிறுநீரையும் மலத்தையும் அடக்கிவந்தால் மலச்சிக்கல் வரும், சிறுநீர்த் தொற்றும் வரலாம். மருத்துவரிடம் போவார்கள், மருந்து வாங்குவார்கள். அந்தத் தாழ்ப்பாள் மட்டும் அப்படியே இருக்கும்.

அதனால் ஒரு காரியம் செய்யுங்கள். பிள்ளைகள் இல்லாத நேரத்தில் உள்ளே போய், ஒரு சிறு குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். தாழ்ப்பாள் அந்தக் கைக்கு எட்டுகிறதா, வெளிச்சம் இருக்கிறதா, தண்ணீரும் சோப்பும் இருக்கிறதா, வாசலுக்கருகில் பெரிய பிள்ளைகள் கூட்டமாக நிற்கிற இடமா? அப்புறம் வகுப்பு விதியையும் பாருங்கள். 'இடைவேளையில் போயிருக்க வேண்டியதுதானே' என்று எல்லார் முன்னாலும் கேட்டு அனுப்புகிற வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். வாய் திறந்து கேட்காமலே ஒரு அட்டையை எடுத்துக்கொண்டு போய்வரலாம் என்று வைத்தால் போதும். சிலர் விளையாடப் போய்விடுவார்கள்தான். அவர்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசிக்கொள்ளலாம், அவர்களுக்காக மற்ற எல்லாரையும் அடக்கி உட்காரவைக்கக் கூடாது.

ஒருவராவது தெரிந்து வைத்திருப்பது

ஹவாயில் உள்ள கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் நடுவயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பத்தில் சண்டை, பெற்றோரின் மனநோய் என்று பல கஷ்டங்கள் ஒன்றாகச் சேர்ந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், அத்தனைக்கும் நடுவில், நன்றாகவே வளர்ந்து நின்றார்கள். அவர்களிடம் பொதுவாக இருந்தவற்றில் ஒன்று, அக்கறையோடு உறுதுணையாக நின்ற ஒரு பெரியவராவது இருந்தது. பாட்டியாகவோ தாத்தாவாகவோ, பக்கத்து வீட்டுக்காரராகவோ இருக்கலாம். பலருக்கு அது ஒரு ஆசிரியர்.

இதைப் பள்ளியில் எப்படிச் செய்வது? ஆசிரியர் அறையில் எல்லாப் பிள்ளைகளின் பெயர்களையும் ஒரு பெரிய தாளில் எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொரு ஆசிரியரும், 'மதிப்பெண்ணைத் தவிர இந்தப் பிள்ளையைப் பற்றி எனக்கு ஏதாவது தெரியும்' என்று நினைக்கிற பெயருக்கு நேரே ஒரு புள்ளி வைக்கட்டும். தங்கச்சி பிறந்திருக்கிறாள், நாய் என்றால் உயிர், இருட்டு என்றால் பயம், இந்த மாதிரி. எல்லாரும் வைத்து முடித்ததும் தாளைப் பாருங்கள். நன்றாகப் படிக்கிறவர்களுக்கும் சேட்டைக்காரர்களுக்கும் புள்ளி குவிந்திருக்கும். நடுவில் இருக்கிற, சத்தம் போடாத, எந்தத் தொந்தரவும் தராத பிள்ளைகள் சிலருக்கு ஒன்றுகூட இருக்காது. பிரச்சினை இல்லாத பிள்ளை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இவர்கள்தான். புள்ளி இல்லாத ஒவ்வொரு பெயருக்கும் ஒரு ஆசிரியரைப் பொறுப்பாக்குங்கள். அவர் ஆலோசகர் ஆக வேண்டாம். தினமும் ஒரு நிமிடம், பாடம் தவிர்த்த ஏதாவது ஒரு பேச்சு. நேற்று சொன்னதை இன்று நினைவு வைத்துக் கேட்பது. அந்த அளவு போதும்.

தப்பான விடை வரும் நேரம்

ஒரு பையன் 42இலிருந்து 17ஐக் கழித்து 35 என்கிறான். 'தப்பு, உட்கார். அடுத்து யார்?' என்றால் அந்த விஷயம் முடிந்தது. அவன் கற்றுக்கொண்டது, இனிமேல் கை தூக்கக் கூடாது என்பது மட்டும். 'எப்படி 35 வந்தது, சொல்லு பார்ப்போம்' என்று கேட்டால், இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து போட்டதாகச் சொல்வான். அவன் யோசித்திருக்கிறான். பெரியதிலிருந்துதான் சிறியதைக் கழிக்கலாம் என்று தனக்குத்தானே ஒரு விதி வைத்துக்கொண்டிருக்கிறான். அதே விதியோடு இன்னும் நாலு பேர் அந்த வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். 'இதை நீ சொன்னது நல்லதாப் போச்சு, எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டுப் பத்தைக் கடன் வாங்குவதைக் காட்டலாம். 25 வந்துவிடும், அவன் முகமும் சுண்டிப்போகாது.

பாராட்டுவதிலும் கவனம் வேண்டும். கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற உளவியலாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு நடத்திய சோதனைகள் 1998இல் வெளியாயின. 'நீ புத்திசாலி' என்று பாராட்டப்பட்டவர்கள், அடுத்து கடினமான புதிர்களில் தோற்றபோது சீக்கிரம் சோர்ந்துபோனார்கள். உழைப்பைச் சொல்லிப் பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து முயன்றார்கள். புத்திசாலி என்ற பட்டம் கிடைத்தவனுக்கு அதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய கவலையும் கூடவே வந்துவிடுகிறது. 'மூணு வழி மாத்தி மாத்திப் பார்த்தியே, அது நல்லா இருந்தது' என்று அவன் செய்ததைச் சொல்லுங்கள். அதை அவன் நாளைக்கும் செய்யலாம்.

கோபத்தில் இருக்கிற பிள்ளை

பென்சிலைத் தூக்கி எறிந்த பிள்ளையிடம் 'ஏன் இப்படிச் செய்தாய்?' என்று அந்த நிமிடமே கேட்டுப் பயனில்லை. கோபம் உச்சத்தில் இருக்கும்போது பெரியவர்களுக்கே காரணம் சொல்ல வராது. முதலில் அடங்கட்டும். பக்கத்தில் போய், குரலைத் தாழ்த்தி, 'ரொம்பக் கோபமா இருக்கே போல, கொஞ்சம் தண்ணி குடி, அப்புறம் பேசலாம்' என்று சொன்னால் போதும். நாம் கத்தினால் அவனும் கத்துவான்.

உணர்வுகளுக்குச் சொல் தெரிந்திருப்பது இங்கேதான் உதவும். சிறு பிள்ளைகளிடம் பெரும்பாலும் மூன்று சொற்கள்தான் இருக்கும்: சந்தோஷம், அழுகை, கோபம். பொறாமை, ஏமாற்றம், கூச்சம், பதற்றம், தனிமை, ஏக்கம் எல்லாம் உள்ளே இருந்தாலும் வெளியே கோபமாகத்தான் வரும். கதை படிக்கும்போது 'இந்த முயலுக்கு இப்போ எப்படி இருந்திருக்கும்?' என்று கேட்டுக் கேட்டே இந்தச் சொற்களைக் கொடுத்துவிடலாம். தனி வகுப்பு தேவையே இல்லை. 'அவன் என்னைச் சேர்த்துக்கலை, எனக்கு ஏமாற்றமா இருந்தது' என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்குப் பென்சிலை எறிகிற அவசியம் குறையும்.

இடைவேளை

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாடி உடலை அசைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 6 முதல் 12 வயதுக்குத் தூக்கம் 9 முதல் 12 மணி நேரம் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பின் பரிந்துரை. தூக்கம் வீட்டின் கையில், விளையாட்டு பெரிய அளவில் பள்ளியின் கையில். பின்லாந்துத் தொடக்கப் பள்ளிகளில் 45 நிமிடப் பாடத்துக்குப் பிறகு 15 நிமிட இடைவேளை என்பது பழக்கம். அந்தக் கால் மணி நேரத்தில் வெளியே போய் ஓடிவிட்டு வருகிறார்கள்.

வீட்டுப்பாடம் செய்யாததற்கு இடைவேளையைப் பறிப்பது பல இடங்களில் சாதாரணமாக நடக்கிறது. இதை நிறுத்த வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பும் 2013இல் வெளியிட்ட அறிக்கையில், தண்டனைக்காகவோ பாடத்துக்காகவோ இடைவேளையைப் பறிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. உட்கார முடியாமல் நெளிகிற பிள்ளைக்குத்தான் ஓட்டம் அதிகம் தேவை. அவனிடமிருந்தே அதைப் பறித்தால் மதிய வகுப்பு யாருக்குமே நடக்காது.

ஓரத்தில் தனியாக நிற்கிற பிள்ளையைப் பார்த்தால் 'போ, போய் அவங்களோட விளையாடு' என்று தள்ளிவிடாதீர்கள். ஏற்கனவே நடக்கிற விளையாட்டுக்குள் புகுவது குழந்தைகளுக்குக் கடினமான காரியம். யாரும் எப்போதும் வந்து சேரக்கூடிய விளையாட்டு ஒன்றை நீங்களே தொடங்கிவையுங்கள், கயிறு சுற்றுவது மாதிரி. இல்லையென்றால் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, புத்தகம் அடுக்குவது என்று இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலையைக் கொடுங்கள். கையில் வேலை இருந்தால் பேச்சு தானாக வரும்.

சண்டையும் துன்புறுத்தலும்

பிள்ளைகள் சண்டை போடுவார்கள், சேர்ந்துகொள்வார்கள். எல்லாச் சண்டையையும் துன்புறுத்தல் என்று சொல்லிவிடக் கூடாது. இந்தத் துறையில் முன்னோடியான டான் ஒல்வியஸ் மூன்று அடையாளங்களைச் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, பலத்தில் ஏற்றத்தாழ்வு இருப்பது. பலம் என்றால் உடல் பலம் மட்டும் இல்லை. கூட்டமாக இருப்பது, நன்றாகப் பேசத் தெரிவது, வகுப்பில் செல்வாக்கோடு இருப்பது எல்லாம் பலம்தான். அடிப்பது மட்டும்தான் துன்புறுத்தல் என்றும் இல்லை. பட்டப்பெயர் வைப்பதும், 'இவளோட யாரும் பேசக் கூடாது' என்று கட்டுப்பாடு போடுவதும் அதே கணக்கில்தான் வரும்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், சமமான இரண்டு பேர் போட்ட சண்டையில் இருவரையும் உட்காரவைத்துப் பேசி, கை குலுக்கச் சொல்லலாம். துன்புறுத்தலில் அப்படிச் செய்தால் பாதிக்கப்பட்ட பிள்ளை பயத்தில் கை கொடுக்கும், வெளியே போனதும் இரண்டு மடங்கு வாங்கும். தனித்தனியாகத்தான் பேச வேண்டும். முதலில் பாதிக்கப்பட்ட பிள்ளையோடு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. துன்புறுத்தல் இரண்டு பேருக்கு நடுவில் மட்டும் நடப்பதில்லை. பின்லாந்தைச் சேர்ந்த கிறிஸ்டினா சால்மிவால்லியின் குழு 1996இல் காட்டியபடி, சுற்றி இருக்கிற ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு: கூடச் சேர்ந்துகொள்பவர், சிரித்து ஏற்றிவிடுபவர், ஒதுங்கிப் போகிறவர், காப்பாற்ற வருபவர். சிரிப்பு நின்றால் துன்புறுத்துவதில் இருக்கிற சுவையும் போய்விடும். இந்த எண்ணத்தை வைத்துத்தான் பின்லாந்தில் கிவா என்ற பள்ளித் திட்டம் உருவானது. எட்டு வயதுப் பிள்ளையிடம் 'போய்த் தட்டிக் கேள்' என்று சொல்வது நியாயம் இல்லை. சிரிக்காமல் இருக்கவும், அப்புறம் அந்தப் பிள்ளையிடம் போய் 'வா, என்கூட உட்காரு' என்று சொல்லவும் எல்லாராலும் முடியும்.

எதைக் கவனிக்க வேண்டும்

குழந்தைகள் மனக்கஷ்டத்தை உடம்பால்தான் பெரும்பாலும் சொல்வார்கள். திங்கட்கிழமை காலையில் மட்டும் வருகிற வயிற்றுவலி நடிப்பு இல்லை, பதற்றத்தில் உண்மையாகவே வயிறு வலிக்கும். மருத்துவரிடம் காட்டுங்கள், கூடவே திங்கட்கிழமை என்ன பாடம், யார் பக்கத்தில் உட்காருகிறார்கள் என்றும் விசாரியுங்கள். கலகலப்பாக இருந்தவன் திடீரென்று ஒட்டாமல் போவது, நன்றாக இருந்த கையெழுத்து சிதைவது, பொருள்கள் அடிக்கடி காணாமல் போவது, சின்னதற்கெல்லாம் அழுவது எல்லாம் கவனிக்க வேண்டியவை. ஒரு நாளைய மாற்றத்துக்குப் பதற வேண்டாம், வாரக்கணக்கில் நீடித்தால் விடக் கூடாது.

ஒரு குழந்தை உங்களிடம் வந்து, வீட்டிலோ வேறெங்கோ தனக்கு யாரோ கெடுதல் செய்வதாகச் சொன்னால், அமைதியாகக் கேளுங்கள். துருவித் துருவிக் கேள்வி கேட்காதீர்கள். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அதைக் காப்பாற்ற உங்களால் முடியாது. 'நீ சொன்னது ரொம்ப நல்லது, இதில் உன் தப்பு எதுவும் இல்லை, உனக்கு உதவ முடிகிறவர்களிடம் மட்டும் சொல்வேன்' என்று சொல்லுங்கள். குழந்தை சொன்ன சொற்களை அப்படியே அன்றைக்கே எழுதிவைத்து, பள்ளியில் இதற்குப் பொறுப்பானவரிடமும் குழந்தைப் பாதுகாப்பு அமைப்பிடமும் தாமதிக்காமல் கொண்டுபோங்கள்.

பெற்றோரிடம் பேசுவது பற்றி ஒன்றுதான். பள்ளியிலிருந்து அழைப்பு வந்தாலே புகார்தான் என்று ஆகிவிட்டால், உண்மையான பிரச்சினை வரும்போது அவர்கள் காது கொடுக்க மாட்டார்கள். 'இன்றைக்கு உங்கள் பையன் புதிதாக வந்த பிள்ளையைக் கூட்டிப்போய் எல்லா இடத்தையும் காட்டினான்' என்று சொல்ல ஒரு நிமிடம் போதும்.

ஆசிரியர்களையும் விட்டுவிட முடியாது. நாள் முழுக்கப் பதிவேடு நிரப்பி, மூச்சுவிட நேரமில்லாமல், மேலிருந்து திட்டு வாங்கிக்கொண்டிருக்கிற ஒருவரிடம் பொறுமையாகக் குரலைத் தாழ்த்திப் பேசு என்று கேட்பது கொடுமை. பயத்தில் வேலை பார்க்கிற ஆசிரியரின் வகுப்பில் பயம்தான் இருக்கும். தலைமையாசிரியர் தேவையில்லாத பதிவேடுகளைக் குறைப்பதும், தவறு நடந்தால் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவதும் குழந்தைகள் நலத்துக்கான வேலைகள்தான்.

பிள்ளைகளிடமே கேட்பது

எதை முதலில் சரி செய்வது என்று குழம்ப வேண்டாம். பள்ளியின் எளிய வரைபடம் ஒன்றை வரைந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுங்கள். வகுப்பறைகள், நடைவழி, மாடிப்படி, மைதானம், சாப்பிடும் இடம், கழிவறை, வாசல் எல்லாம் அதில் இருக்கட்டும். பிடித்த இடத்துக்குப் பச்சை, பயமாகவோ பிடிக்காமலோ இருக்கிற இடத்துக்குச் சிவப்பு. பெயர் எழுத வேண்டாம். எழுதப் படிக்கத் தடுமாறுகிற பிள்ளைகூட இதைச் செய்துவிடும். எல்லாத் தாள்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் சிவப்பு சில இடங்களில் குவிந்திருக்கும். மாடிப்படித் திருப்பம், மைதானத்தின் பின்மூலை என்று பெரியவர்கள் யாரும் நிற்காத இடங்களாக அவை இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

அதில் ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொண்டு இரண்டு வாரத்துக்குள் மாற்றுங்கள். இடைவேளையில் அங்கே ஒரு ஆசிரியர் நிற்கலாம், விளக்கு போடலாம், தாழ்ப்பாளை மாற்றலாம். மாற்றியதும் பிள்ளைகளிடம், 'நீங்கள் சிவப்பு போட்டிருந்தீர்கள், அதனால் இதைச் செய்தோம்' என்று சொல்ல மறக்காதீர்கள். கேட்டுவிட்டு எதுவும் செய்யாமல் விட்டால் அடுத்த தடவை எல்லாத் தாளும் பச்சையாகவே வரும், ஏனென்றால் சொல்லிப் பயனில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். செய்தீர்கள் என்றால் அடுத்த பருவத்தில் அதே வரைபடத்தைக் கொடுக்கும்போது முன்பு காட்டாத சிவப்பும் வெளியே வரும். எண்ணிக்கை கூடியிருக்கிறதே என்று அப்போது கவலைப்பட வேண்டாம். உங்களை நம்பிச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள், அடுத்து எந்த இடம் என்பதை அந்தத் தாளிலேயே பார்த்துக்கொள்ளலாம்.